மரியதாஸ் அண்ணன் கச்சேரியில் நான் பேசியது

1

இரும்புலியூரிலிருந்து அக்கா எழுதும் ஏரோகிராம் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். முதலில், எல்லோரும் நலம். அடுத்து, யார் யாருக்கெல்லாம் நலமில்லை. அப்புறம் தண்ணீர் வராத கதை. கடைசியில், மடித்து ஒட்டுகிற ஓரத்தில், இடம் போதாமல் எழுத்தெல்லாம் எறும்பாகச் சிறுத்துப் போகும் இடத்தில்தான் உண்மையான செய்தி இருக்கும். இந்த முறை அந்த ஓரத்தில் இருந்தது இது:

"கிடார் மரியதாஸ் இப்போ பாடறதில்லை. டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாராம். போன வருஷம் நம்ம பொங்கல் விழாவுல பாடினதுதான் கடைசி. உன் பேச்சைப் பத்தி மாமா இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார்."

கடைசி இரண்டு வாக்கியங்களையும் அக்கா வேண்டுமென்று பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருக்க மாட்டாள். அவளுக்கு இடம்தான் இல்லை. ஆனாலும் எனக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. அந்தக் கடைசிக் கச்சேரியில் மரியதாஸ் அண்ணன் பாடியது ஒன்றரைப் பாட்டு. நான் பேசியது அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஊரில் மாமா சொல்லும் கதையில் நான் நன்றாக இருக்கிறேன். அதனால்தான் அதை நம்ப வேண்டாம் என்கிறேன்.

2

நான் இருப்பது வெலிங்டனில். விசா வந்துவிட்டது என்று சொன்னபோது, அக்காவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, "குன்னூர் பக்கத்துலதானே மச்சான், மங்கி குல்லா எடுத்துக்கோ" என்றார். அது அந்த வெலிங்டன் இல்லை, நியூசிலாந்து என்று விளக்கிய பிறகும், "அதுக்கும் குல்லா வேணும்தானே" என்று விட்டுக்கொடுக்காமல் முடித்தார். அவர் சொன்னதுதான் சரி. வந்து ஆறேழு வருஷம் ஆகிறது, குல்லாவை இன்னும் கழற்றவில்லை. இங்கே அடிக்கிற காற்றில் கடைகளில் குடை விற்கிறார்கள், தெருவில் யாரும் பிடிப்பதில்லை.

குரோம்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ. அந்தச் சான்றிதழை இங்கே ஓர் அலுவலகத்துக்கு அனுப்பி, கட்டணம் கட்டி, எட்டு மாதம் காத்திருந்தேன். வந்த பதிலின் சாரம் இதுதான்: உங்கள் சான்றிதழ் எங்களுடைய எதற்கும் சமம் என்று சொல்ல முடியவில்லை, சமமில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் ஊர் ஆபீஸ்களிலும் இதே பதில் கிடைக்கும். ஆனால் அங்கே வாயால் சொல்லி நாளைக்கு வரச் சொல்வார்கள். இவ்வளவு வழவழப்பான காகிதத்தில் தர மாட்டார்கள்.

ஆகவே பஸ் ஓட்டுகிறேன். மின்சார பஸ். தலையில் இரண்டு நீளக் கம்புகள் இருக்கும். மேலே போகும் ஒயரை அவை தொட்டுக்கொண்டே வர வேண்டும். பீச் மின்சார ரயிலுக்கும் பல்லவன் பஸ்ஸுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் வளைவில் கம்பு நழுவும். உடனே வண்டி செத்துவிடும். நான் இறங்கிப் பின்பக்கம் போய், மழையில் அண்ணாந்து, கயிற்றை இழுத்து இழுத்துக் கம்பை மறுபடி ஒயரில் மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளைக்காரர்கள் அதுவரை பொறுமையாகப் பேப்பர் படிப்பார்கள். "இன்னாய்யா வண்டி ஓட்ற" என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே. கேட்க மாட்டார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடிவதில்லை. ஒரே ஓர் ஆள் நன்றாகத் திட்டினால், செலவில்லாமல் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

என் மனைவி மாலதிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவாள். எங்கள் குடும்பப் பேச்செல்லாம் ஃபிரிஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான். "குழம்பு கீழ்த் தட்டில்." "கயலுக்கு வியாழன் பல் டாக்டர்." ஒரு தடவை, கோபித்துக்கொண்டு அவள் எழுதிய சீட்டுக்குப் பதில் எழுத மூன்று நாளாகப் பேனா கிடைக்கவில்லை. அதற்குள் சண்டை தானாகவே தீர்ந்துவிட்டது.

கயல் எங்கள் மகள். விமானம் ஏறும்போது ஐந்து வயது. "சாப்டலன்னா பூச்சாண்டி இட்டுகினு போய்டுவான்" என்று பொம்மையை மிரட்டிக்கொண்டிருந்த குழந்தை. இரண்டே வருஷத்தில் வீட்டில் இரண்டு ரேடியோ ஸ்டேஷன் ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளியில் கயல் என்ற பெயரைக் 'கைல்' என்று ஆண்பிள்ளைப் பெயராக்கிக் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். "திருத்தேன்மா" என்றேன். "இட்ஸ் ஓகே அப்பா" என்றாள். அந்த வாக்கியத்தில் நம்முடையது அப்பா ஒன்றுதான்.

அதே பள்ளியில் அவளுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் அவள் விழுந்தாள். நானும் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். "எங்க ஊர்ல ஒருத்தர் கிடார் வாசிச்சு பாடுவார் பாரு" என்று ஆரம்பித்தேன்.

3

எண்பதுகளில் தாம்பரத்தைச் சுற்றி எங்கே மைக் கட்டினாலும் அதன் பின்னால் அநேகமாக மரியதாஸ் அண்ணன் உட்கார்ந்திருப்பார். ஆடியில் கூழ் ஊற்றும் அம்மன் கோயிலில் இருப்பார். சர்ச் அறுப்புப் பண்டிகையில் இருப்பார். தொழிற்சங்கக் கூட்டத்தில் தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பார். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை. கிரீஸ் வாசனை போகாத கையோடு வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கிடாரை மடியில் சாய்ப்பார்.

சினிமாப் பாட்டு பாட மாட்டார். நாற்று நடுகிறவர்கள், தார் ரோடு போடுகிறவர்கள், திரிசூலம் மலையடியில் கல் உடைக்கிற பெண்கள், இவர்களிடம் கேட்டு வாங்கிய பாட்டுகள்தான். "தெம்மாங்குக்கு இன்னாத்துக்குண்ணே வெள்ளைக்காரன் வாத்தியம்?" என்று கூட்டத்திலிருந்து யாராவது கேட்பார்கள். "நான் போட்டுக்கீற பேன்ட்டும் அவனுதுதான். கழட்டிட்டுப் பாடட்டா?" என்பார்.

சுருதியை ஏற்ற, கிடாரின் கழுத்தில் பாதிப் பென்சிலை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுவார். கடையில் அதற்கென்று ஒரு கவ்வி விற்கிறது என்று நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். சுருதி சேர்ப்பதில் மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது. எந்தப் பெரிய மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தாலும், ஆறு கம்பியும் ஒத்துக்கொள்ளும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

கல் உடைக்கிற பெண்களின் பாட்டு ஒன்று உண்டு. அதற்காகவே நான் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் காட்டாங்குளத்தூர் வரைகூடப் போயிருக்கிறேன்.

கல்லக் கல்லாத் தட்டிவெச்சேன்
கருங்கல்லு ஜல்லியாச்சு
பல்லாவரம் ரோடு போட்டேன்
பாதம் வெந்து கொப்புளமாச்சு

இப்படி ஆறு அடுக்கு போகும். எல்லாம் ஒரே மெட்டு, சுத்தியல் விழுகிற மாதிரி. ஆறாவதில் மட்டும் மெட்டு திடீரென்று மேலே ஏறும். அந்தப் பெண் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிற இடம் அது. அங்கே கூட்டத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

அந்தப் பாட்டை வாங்குவதற்கு நான் செய்த அயோக்கியத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்போது கச்சேரிகளில், கேட்க வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். நான் ஒரு பெயரில் அனுப்ப மாட்டேன். ஸ்டெல்லா, முனியம்மா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று பத்துப் பதினைந்து பெயரில் அனுப்புவேன். கோவிலம்பாக்கத்தில் ஒரு திருவிழாவில் அண்ணன் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு மைக்கில் சொன்னார்: "இத்தினி பேரு இந்தப் பாட்டக் கேட்டுக்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே கையெழுத்து. ஒரே வாத்தியாருகிட்ட படிச்சிருப்பாங்க போல." கூட்டம் சிரித்து அடங்கியதும், "யாரா இருந்தாலும் மூஞ்சக் காட்டு, பாடறேன்" என்றார். எழுந்து நின்றேன். பாடினார்.

4

இதையெல்லாம் கயலிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டு எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கேட்டாள். முனகிக் காட்டினேன். கடவுள் எனக்குக் காதைக் கொடுத்த அன்று தொண்டை தீர்ந்துபோயிருந்தது. அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இது பாட்டா, இல்ல உங்களுக்கு வயிறு வலிக்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மரியதாஸ் அண்ணனின் கேசட் எதுவும் கிடையாது. எந்தக் கம்பெனியும் அவரைப் போடவில்லை, அவரும் யாரையும் போய்க் கேட்கவில்லை. ஆக, ஒரே வழி நேரில் கேட்பதுதான்.

போன வருஷம் ஜனவரியில், இங்கே பள்ளிக்குக் கோடை விடுமுறை, நானும் கயலும் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஊர் வந்தோம். மாலதிக்கு லீவு கிடைக்கவில்லை. வந்ததும் மாமாவிடம் முதலில் கேட்டது அண்ணனைப் பற்றித்தான்.

"தொண்டையில ஆபரேஷன் ஆச்சு மச்சான். ஆறு மாசமா பாடல" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா பொங்கலுக்கு நம்ம நலச் சங்க விழாவுல பாடறார். டாக்டர் அரை மணி நேரம் பர்மிஷன் குடுத்திருக்காராம். நான்தானே செக்ரட்டரி, நான்தான் போய் ஒத்துக்க வெச்சேன்" என்றார்.

பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு விமானம். அதனால் என்ன, ஒரு மாலை போதுமே என்று நினைத்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் மாமா. "நீ சிறப்பு விருந்தினர். ஃபாரின்லேர்ந்து வந்தவனைக் கீழ உட்கார வெச்சா சங்கத்துக்கு மரியாதையா இருக்காது. ரெண்டு வார்த்தை பேசு. ரெண்டே ரெண்டு."

மறுத்திருக்கலாம். "ஐயோ, எனக்கு எதுக்கு மாமா" என்று இரண்டு தடவை சொன்னேன். நம் ஊரில் அதற்கு சரி என்று அர்த்தம். அது இருவருக்கும் தெரியும்.

5

தெருமுனையில் பந்தல். கோலப் போட்டிக்குப் பரிசு, எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்துக்குப் பரிசு, எலுமிச்சையைக் கீழே போட்டவர்களுக்கும் ஆறுதல் பரிசு என்று ஏழு மணி ஆகிவிட்டது. மேடைக்குப் பின்னால் முருங்கை மரத்தில் ஒரு டியூப் லைட்டைக் கட்டி, அதன் கீழ் மரியதாஸ் அண்ணனை உட்காரவைத்திருந்தார்கள். இளைத்துப் போயிருந்தார். கழுத்தில் மப்ளர். குரல் பாதி காற்றாக வந்தது.

"யாரு? சீட்டுக்காரனா?" என்றார்.

"நான்தாண்ணே."

"மூஞ்சி உப்பிப் போச்சே. அங்க இன்னா வேல பாக்கற?"

அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. "பஸ் ஓட்றேண்ணே."

"நல்ல வேலதான். நான் முப்பது வருஷம் வண்டிக்கு அடியில படுத்துகினு இருந்தேன். நீ மேல உக்காந்துகினு கீற." கயலைப் பார்த்தார். "உன் பொண்ணா? இன்னா பாப்பா, பாடுவியா?"

கயலுக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை. இடது கையை நீட்டிக் காட்டினாள். அவர் அவளுடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "வெரலு காச்சிக்கீது. நெசமாத்தான் வாசிக்கிற" என்றார். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை எந்த மார்க் ஷீட்டிலும் நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் மைக் செட் பாபு வந்து மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. "அண்ணாத்த, எட்டு மணிக்கு நான் கயட்டிடுவேன். வண்டலூர்ல ரிசப்ஷன் கீது. அப்பறம் என்னிய சொல்லாதீங்க." மாமா, "எல்லாம் முடிஞ்சிடும் பாபு" என்றார். விழுந்தது என்றுதான் சொன்னேன். காதில் தங்கவில்லை.

ஏழேகாலுக்கு அண்ணனை மேடையில், ஓரமாக, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாமா மைக்கைப் பிடித்து, "நியூசிலாந்து அரசாங்கத்தின் போக்குவரத்துத் துறையில் உயர்ந்த இடத்தில் இருப்பவர்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். பஸ்ஸில் டிரைவர் சீட் கொஞ்சம் உயரம்தான், அது உண்மை. நான் திருத்தவில்லை. எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அதைப் பின்பக்கமாக உருவி, மடித்து, என் கையிலேயே கொடுத்தார்கள். அதே பொன்னாடையை நான் மரியதாஸ் அண்ணனுக்குப் போர்த்தினேன். பிறகு மைக்கின் முன்னால் போய் நின்றேன்.

சத்தியமாக அவரைப் பற்றிப் பேசத்தான் நினைத்தேன். இரண்டு வார்த்தை. "அண்ணன் பாட்டைக் கேட்க ஏழாயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறேன், பாடுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியது. ஆனால் "ஏழாயிரம் மைல்" என்றதும், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தோன்றியது. அங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை என்றேன். அங்கே க்யூவில் நிற்பார்கள் என்றேன். அங்கே ஆடு எத்தனை, மனிதர் எத்தனை என்றேன். கூட்டம் சிரித்தது. நான் சிரிப்பை எதிர்பார்க்காத இடங்களிலும் சிரித்தது. இவ்வளவு திறமை எனக்குள் இருந்திருக்கிறதே என்று எனக்கே வியப்பு.

இதற்கு ஒரு சமாதானம் இருக்கிறது, மன்னிப்பு ஆகாது. இத்தனை வருஷமாக நான் வாய்விட்டுப் பேசியது "சாரி", "தேங்க் யூ", "கடைசி நிறுத்தம்", இவ்வளவுதான். வீட்டில் ஃபிரிஜ் சீட்டு. ஒரு தெரு முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டு, நான் சொல்வதெல்லாம் புரிந்து கேட்டுக்கொண்டிருந்தது. கம்பு ஒயரைத் தொட்டுவிட்டது. வண்டி எங்கே நிற்கும்? "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்று சொன்னேன். அதைப் பல தடவை சொன்னேன்.

6

நான் இறங்கியபோது மணி ஏழே முக்கால் இருக்கும். அண்ணன் மைக்குக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பென்சிலைக் கழுத்தில் கட்டினார். சுருதி சேர்த்தார். அதிலும் ஒரு நிமிஷம்கூட அவர் குறைத்துக்கொள்ளவில்லை.

முதலில் சின்னதாக ஒரு ஏற்றப்பாட்டு. குரல் தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி வந்தது. ஆனால் ஓர் இடத்திலும் விலகவில்லை. அது முடிந்து, என் பக்கம் பார்க்காமலே, "கல்லக் கல்லா" என்று எடுத்தார். முன்வரிசையில் கயல் முட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது அடுக்கு. மூன்றாவது. அப்போது மேடையோரம் பாபு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

"அஞ்சே நிமிஷம் பாபு" என்றார் மாமா.

"நீங்கதானே அண்ணாத்த அவர அம்மாந்நேரம் பேச வுட்டீங்க. நான் இன்னா பண்றது? பொண்ணு வூட்டுக்காரன் வண்டி அனுப்பிக்கீறான்."

அண்ணன் பாட்டை நிறுத்தினார். தானே மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிப் பாபுவிடம் நீட்டி, "எடுத்துனு போ பா. உன் வேல உனுக்கு" என்றார். மைக் இல்லாமல் அந்தக் குரல் முதல் இரண்டு வரிசையைத் தாண்டாது. அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் சொன்னார்: "மிச்சத்த நியூசிலாந்துக்காரர் சொல்வாரு. அவருக்குத்தான் நல்லா பேச வருது."

முன்வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? வீட்டுக்கு நடக்கும்போது கயல் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "அவர் ரெடியா இருந்தார் அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு ஓடினேன். கேட்டில் அவர் மனைவி, "மாத்திர போட்டுகினு தூங்குறாரு தம்பி. எழுப்பக் கூடாது" என்றார். கொண்டுபோன ஆப்பிள் பையைக் கொடுத்துவிட்டு வந்தேன். நோயாளிக்கு ஆப்பிள் கொடுத்துவிட்டால் எல்லாம் சொன்னதாக ஆகிவிடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

இங்கே வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் வழக்கமான கேள்விகள். விதை உண்டா, தேன் உண்டா, செருப்பில் மண் உண்டா? உண்டு என்றேன். அதிகாரி என் செருப்பை வாங்கிக்கொண்டு போய், சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். "வேறு ஏதாவது அறிவிக்க வேண்டியது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

7

அக்காவின் ஏரோகிராம் வந்த அன்று, ஷிஃப்ட் முடிந்து, நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மாலதி வேலைக்குக் கிளம்பியிருந்தாள். கயல் வந்து கடிதத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என்ன என்று கேட்டாள். சொன்னேன். இனிமேல் பாட மாட்டார் என்பதை மட்டும் சொன்னேன். மாமா என் பேச்சைப் புகழ்வதைச் சொல்லவில்லை.

அவள் தன் அறைக்குள் போய் ஒரு கேசட்டோடு வந்தாள். விழாவன்று தன் வாக்மேனைப் பதிவில் போட்டு மேடையில் வைத்திருக்கிறாள். முருங்கை மரத்தடியில் அண்ணனிடம் சைகையில் கேட்டாளாம். மேடையில் உட்கார்ந்ததும் அவர்தான், "இங்க வையி பாப்பா" என்று தன் நாற்காலிக் காலருகே இடம் காட்டினாராம். மாமா என்னை அறிமுகப்படுத்த ஆரம்பித்ததும், பாட்டுத்தான் வரப்போகிறது என்று நினைத்து அழுத்திவிட்டாள். ஒரு பக்கம் அரை மணி நேரம். அந்த அரை மணியையும் நான் தின்றுவிட்டேன். திரும்பிவந்து போட்டுப் பார்த்தவள், ஆரம்பத்திலேயே என் குரலைக் கேட்டு வெறுத்துப்போய், டிராயரில் எறிந்துவிட்டாள். அதனால்தான் என்னிடம் சொல்லவே இல்லை.

"முழுசா கேக்கலாமா?" என்றாள்.

கேட்டோம். ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் தூரத்தில், தகரமாகக் கேட்டது. ஆனால் பக்கத்தில், மேஜையின் மேலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி, வேறொன்று கேட்டது. கிடார்.

மாமா சொன்னதையே பிடித்துக்கொண்டு நானும் "போக்குவரத்துத் துறையில்" என்கிறேன். உடனே இரண்டு கம்பியில் "பாம் பாம்" என்று பஸ் ஹாரன். கூட்டம் சிரிக்கிறது. நான் "அங்கே யாரும் அவசரப்படுவதே இல்லை" என்கிறேன். கிடாரில் ஒரு மாட்டு வண்டி மெதுவாக, சக்கரம் கோணி, ஊர்ந்து போகிறது. கூட்டம் உருண்டு சிரிக்கிறது. "நன்றி, நன்றி" என்று நான் சொல்கிறேன். மைக்கின் முன்னால் என் சத்தத்திலேயே நின்ற எனக்கு அன்று கிடார் காதில் விழவே இல்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சிரிப்பில் எனக்கென்று ஒன்றுகூட இல்லை. கயல் நாற்காலியில் மடங்கிச் சிரித்தாள். அப்புறம் நானும் சிரித்தேன். அவளும் நானும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று கணக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் 'அங்கே' என்று எத்தனை தடவை சொன்னேன் என்பதை மட்டும் அவள் எண்ணிவிட்டாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

பாதி தூரத்துக்கு மேல் கிடாரின் கேலி நின்றுவிட்டது. நான் கடைசியாக ஒன்று சொல்கிறேன் என்று முதல் தடவை சொன்ன இடம் அது. இவன் இறங்க மாட்டான் என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் கட்டைவிரலால் சுத்தியல் விழ ஆரம்பித்தது. குரல் இல்லாமல், கம்பியிலேயே, கல் உடைக்கிற பாட்டை முதலிலிருந்து வாசிக்கிறார். யாருக்கும் கேட்கவேண்டும் என்று இல்லை. காலருகே இருந்த அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான் அது கேட்கும்.

கயல் போய்க் கிடாரை எடுத்துவந்தாள். காதை ஸ்பீக்கரிடம் வைத்து, விரலால் தேடித் தேடி, கூடவே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மேடையில் அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டி, நான்கு. நான் தூரத்தில் எங்கேயோ நியூசிலாந்தின் குடிநீர் வசதி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து. கட்டைவிரல் நின்றது. மெட்டு மேலே ஏறத் தொடங்கியது. இரண்டே இரண்டு சுரம் ஏறியிருக்கும்.

அப்போது என் குரல், "இத்துடன் என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன். வணக்கம்" என்றது. கைதட்டல். கிடார் நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். டேப் முடிந்து பொத்தான் துள்ளியது.

கயல் விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பேசி இருக்கலாம் இல்லப்பா" என்றாள். "பாட்டு முடியல."